குசினிக்குள் வைக்கிற கன்றுகள்: எதை நம்பி வாங்கலாம், எதை விடலாம்

"குசினிக்குள்ள வைக்க ஒரு கன்று தாங்க, பெரிசா பார்க்கத் தேவையில்லாததா இருக்கணும்" என்று கேட்டால், மட்டக்களப்பிலும் கல்முனையிலும் கன்று விற்கிறவர்கள் காட்டுவது அநேகமாக ஒரே நாலைந்து சாடிகளைத்தான். மணி பிளாண்ட், மருள் (ஸ்னேக் பிளாண்ட்), ஸீஸீ பிளாண்ட், பீஸ் லில்லி, ஸ்பைடர் பிளாண்ட். றம்பையும் கற்பூரவள்ளியும் ஒரு ஓரத்தில் கறுப்புப் பொலித்தீன் பைகளில் நிற்கும். அவற்றை வீட்டுக்குள் வைக்கிற கன்றாக யாரும் எடுத்துக் காட்டுவதில்லை. எங்கள் மதிப்பீட்டில் முதலிடம் அந்தப் பொலித்தீன் பையில் நிற்கிற றம்பைக்கு. இரண்டாவது மருள். பீஸ் லில்லியும் ஸ்பைடர் பிளாண்டும் அழகானவை, ஆனால் சவர்க் கிணறு, அதாவது உப்புத் தட்டின கிணறு, இருக்கிற வீட்டுக்கு அவற்றை நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம்.

கன்றைத் தெரிவுசெய்ய முதல் குசினியைப் பாருங்கள். வெளிச்சத்தை அளக்கக் கருவி தேவையில்லை. நண்பகலில் சாடி வைக்கப்போகிற இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதற்கு 30 சென்ரிமீற்றர் மேலே கையைப் பிடியுங்கள். விரல்கள் பிரிந்து தெரிகிற நிழல் விழுந்தால் நல்ல வெளிச்சம். கை என்று மட்டும் தெரிகிற மங்கல் நிழல் என்றால் நடுத்தரம். நிழலே விழாவிட்டால் அங்கே மருளையும் ஸீஸீயையும் தவிர வேறொன்றும் வைக்க வேண்டாம். அவைகூட அங்கே வளராது, இருக்கிற இலையோடு தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான்.

யன்னல் எந்தத் திசை என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். வடக்கு யன்னலில் வெயில் படாது என்று வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்வது குளிர்நாட்டுக் கணக்கு. மட்டக்களப்பு கிட்டத்தட்ட 7.7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் கடைசிவரை நண்பகல் சூரியன் எங்களுக்கு வடக்குப் பக்கம்தான் நிற்கும். தாழ்வாரம் குறுகிய வீட்டில் அந்த மாதங்களில் வடக்கு யன்னலிலும் நேர் வெயில் விழும். மார்கழி, தை மாதங்களில் தெற்கு யன்னலுக்குள் வெயில் இன்னும் ஆழமாக வரும். கிழக்கு யன்னல்தான் வருடம் முழுக்க நம்பகமானது, காலை வெயில் இலையைச் சுடாது. மேற்கு யன்னலை வைகாசி தொடக்கம் ஆவணிவரை நம்பவே கூடாது. பின்னேர வெயிலும் கச்சான் என்கிற சூடான தென்மேற்குக் காற்றும் சேர்ந்தால் மணி பிளாண்ட் இலை ஒரே நாளில் கருகிவிடும்.

இனி ஒவ்வொன்றாக.

றம்பை

குசினியில் ஒரு சாடிக்குத்தான் இடம் என்றால் அதில் றம்பை நிற்கட்டும். மீன் ஆணத்துக்கும் புரியாணிக்கும் சோறு வடிக்கிற பானைக்கும் நாளாந்தம் தேவைப்படுகிற இலை இது. வாசனைக்குக் காரணமான சேர்மம் பாஸ்மதி அரிசியில் இருக்கிற அதே 2-அசெற்றைல்-1-பைரோலின். அதனால்தான் சாதாரண அரிசியோடு ஒரு துண்டு போட்டாலும் சோறு மணக்கிறது. சந்தையில் வாங்கி வைக்கிற இலை நாலைந்து நாளில் வாடிப்போகும். சாடியில் இருந்தால் தேவையான அன்று தேவையான அளவு ஒடிக்கலாம்.

விதையில் முளைக்காது, பக்கக்கன்றுதான். வாங்கும்போது பைக்குள் நிற்கிற கன்றின் அடியைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். அசையாமல் நின்றால் வேர் பிடித்திருக்கிறது. தளர்ந்து மேலே வந்தால் அது முதல் நாள் வெட்டிக் குத்தின கொப்பு. அதுவும் பிழைக்கும், ஆனால் ஒரு மாதம் இலை ஒடிக்க முடியாது, அதற்கேற்ற விலைதான் கொடுக்க வேண்டும். இலையடிகளை விரித்து உள்ளே பாருங்கள். பஞ்சு போல வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. றம்பையில் அது இலையடிக்குள் ஒளிந்திருக்கும், வெளியே தெரியும்போது கன்று பாதி சோர்ந்திருக்கும்.

சாடி 25 சென்ரிமீற்றர் அகலமாவது இருக்கட்டும். மண்கலவைக்குக் கழுவின தும்புத்தூள் இரண்டு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, தோட்டத்து மண் ஒரு பங்கு. மற்றக் கன்றுகளுக்குச் சொல்கிற "காயவிட்டு ஊற்று" என்ற விதி இதற்கு இல்லை. மேல்மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், கோடையில் தினமும் ஊற்ற வேண்டும். அதேநேரம் சாடிக்கு அடியில் ஓட்டை இல்லாவிட்டால் வேர் புளித்து நாறும். கிழக்கு யன்னலோ பின்கதவு வாசலோ நல்லது. நடுத்தர வெளிச்சத்திலும் நிற்கும், இலை மட்டும் நீண்டு மெலிந்துபோகும்.

இலையை அடியிலிருந்து ஒடியுங்கள், நடுக்குருத்தைத் தொட வேண்டாம். எந்த நேரமும் ஆறு, ஏழு இலையாவது கன்றில் இருக்கட்டும். முழுக் கன்றும் மஞ்சள் தட்டினால் பசளைக் குறைவு அல்லது அதிக வெயில். ஒரு பிடி கூட்டெரு போட்டு, நிழல் பக்கம் தள்ளி வைத்தால் புதுக் குருத்து பச்சையாக வரும். பழைய இலை திரும்பவும் பச்சையாகும் என்று காத்திருக்க வேண்டாம். நுனி மட்டும் கருகினால் தண்ணீர் போதவில்லை, இல்லாவிட்டால் தண்ணீரில் உப்பு. தண்டிலிருந்து காற்றில் தொங்குகிற வேர்கள் நோயல்ல, அவற்றை மண்ணால் மூடிவிடலாம். பக்கக்கன்று 15 சென்ரிமீற்றர் உயர்ந்து, தனக்கென்று இரண்டு மூன்று வேர் விட்ட பிறகு கத்தியால் பிரித்து அடுத்த சாடிக்கு மாற்றலாம். ஒருமுறை வாங்கினால் அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கலாம்.

மருளும் ஸீஸீயும்

வெளிச்சம் குறைந்த குசினிக்கு இந்த இரண்டும்தான். இரண்டுமே வறட்சியைத் தாங்கப் பழகியவை. மருள் இலையிலும், ஸீஸீ மண்ணுக்குள் உருளைக்கிழங்கு போன்ற கிழங்கிலும் தண்ணீரைச் சேமித்து வைக்கின்றன. ஆகவே இவை தண்ணீர் இல்லாமல் சாவதில்லை, தண்ணீரால்தான் சாகின்றன. சிங்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கை கழுவுகிற போதெல்லாம் ஒரு கோப்பை ஊற்றுகிற வீட்டில் மருள் ஒரு மாரியைத் தாண்டாது.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மண் அடிவரை காய்ந்த பிறகு, ஓட்டையால் வழிகிற அளவுக்கு ஊற்றுங்கள். ஈர்க்குக் குச்சியை மண்ணுக்குள் அடிவரை குத்தி எடுத்தால் காய்ந்ததா என்று தெரிந்துவிடும். குச்சியில் மண் ஒட்டினால் இன்னும் ஒரு வாரம் விடுங்கள். மாரியில் இடைவெளியை இரட்டிப்பாக்கலாம். மருளின் இலைகள் கூடுகிற நடுக்குழிக்குள் தண்ணீர் விழக்கூடாது, அங்கேதான் அழுகல் தொடங்கும். ஸீஸீயில் தண்டின் அடி மஞ்சளாகி, அழுத்தினால் மெத்தென்று இருந்தால் கிழங்கு அழுகுகிறது என்று அர்த்தம். உடனே மண்ணை உதறி, அழுகின பகுதியை வெட்டி, இரண்டு நாள் நிழலில் காயவைத்துப் புது மண்ணில் நட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

இவற்றுக்குக் கலவை வேறு. தும்புத்தூள் ஒரு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, ஆற்று மணலும் உமிக்கரியும் சேர்ந்து இரண்டு பங்கு. வயல் பக்கம் உமிக்குக் குறைவில்லை, எரித்த உமி தண்ணீரைத் தேங்கவிடாது. கடல் மணல் போடவே வேண்டாம்.

ஸீஸீ விலை கூடியது, ஏனென்றால் மிக மெதுவாகத்தான் வளரும். மருளைப் பொறுத்தவரை மஞ்சள் கரை உள்ள வகையை வாங்கினால் இலையை வெட்டி நட வேண்டாம், அப்படி வருகிற கன்றில் மஞ்சள் கரை இராது, வெறும் பச்சைதான். கிழங்கோடு பிரித்து நட்டால் கரை அப்படியே வரும். காசுக்கு எது பெறுமதி என்று கேட்டால் மருள்தான்.

மணி பிளாண்ட்

எல்லோரிடமும் இருக்கிறது, இருக்க வேண்டியதும்தான். நடுத்தர வெளிச்சம் போதும். மேல்மண் 3 சென்ரிமீற்றர் காய்ந்த பிறகு 15 சென்ரிமீற்றர் சாடிக்கு 250 மில்லிலீற்றர் அளவில் ஊற்றினால் சரி. கொடி நீண்டு இலைகளுக்கிடையே தூரம் கூடினால் வெளிச்சம் காணாது. இரண்டு கணு விட்டு வெட்டி, வெட்டினதையும் அதே சாடியில் குத்திவிட்டால் அடர்த்தியாக வரும். மஞ்சள் வரி உள்ளது இருட்டில் வரியை இழக்கும்.

குசினியில் இதற்கு இரண்டு நிபந்தனை. ஒன்று, கொடியைக் கேஸ் அடுப்புக்கு மேலாலோ சிலிண்டர் ரெகுலேற்றரைச் சுற்றியோ படரவிடக்கூடாது. எந்தச் சாடிக்கும் அடுப்பிலிருந்து ஒரு மீற்றர் தூரமாவது தேவை. மற்றது, இதன் இலையிலும் தண்டிலும் கல்சியம் ஒக்சலேற் ஊசிகள் இருக்கின்றன. கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். கீரை அரிகிற பலகைக்கு மேலே தொங்கவிட்டால் ஒரு இலை விழுந்து கீரையோடு சேர்ந்துவிடலாம். தவழுகிற பிள்ளையோ பூனையோ இருக்கிற வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள். ஸீஸீக்கும் பீஸ் லில்லிக்கும் இதே எச்சரிக்கை.

போத்தல் தண்ணீரில் வளர்ப்பது பற்றிப் பிறகு சொல்கிறோம், அதில் வேறொரு ஆபத்து இருக்கிறது.

பீஸ் லில்லி, ஸ்பைடர் பிளாண்ட், தண்ணீரின் உப்பு

இந்த இரண்டையும் வாங்கினவர்கள் அதிகமாகச் சொல்கிற முறைப்பாடு இலை நுனி கருகுகிறது என்பதுதான். கடைக்காரர் "தண்ணி காணாது" என்பார், வீட்டில் இன்னும் ஊற்றுவார்கள், இன்னும் கருகும். பெரும்பாலும் காரணம் கிணற்றுத் தண்ணீரின் உப்பு. வாவிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள மணல் நிலத்தில் நன்னீர் ஒரு மெல்லிய படையாகத்தான் நிலத்தடியில் மிதக்கிறது. கோடையில் அந்தப் படை மெலிய, ஆடி, ஆவணியில் கிணறு சவர்ப்படும். மனிதருக்கு நாக்கில் இலேசாகத் தெரிகிற உப்பு, சாடிக்குள் தங்கிச் சேரும். தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு போகாது. சாடியின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளைப் பொருக்கு கண்டால் அதுதான். உப்புக் கூடிய மண்ணில் தண்ணீர் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது.

உன்னிச்சைக் குளத்துக் குழாய்த் தண்ணீர் வருகிற வீட்டில் இந்தப் பிரச்சினை குறைவு. குளோரின் மணம் தூக்கலாக இருந்தால் திறந்த வாளியில் ஓர் இரவு வைத்துவிட்டு ஊற்றலாம். கிணறு மட்டுமே உள்ள வீட்டில், குடிக்கிற தண்ணீர் எதுவோ அதையே கன்றுக்கும் ஊற்றுங்கள், அல்லது மாரியில் மழைத் தண்ணீரை மூடியுள்ள கேன்களில் பிடித்து வையுங்கள். சேர்ந்த உப்பை வெளியேற்ற மாதம் ஒருமுறை சாடியைக் குழாயடிக்குக் கொண்டுபோய், 15 சென்ரிமீற்றர் சாடிக்கு 4, 5 லீற்றர் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி முழுவதும் வடியவிட வேண்டும். கருகின நுனியைக் கத்தரிக்கலாம், ஒரு மில்லிமீற்றர் பழுப்பை விட்டு வெட்டினால் புதுக்காயம் ஆகாது.

நல்ல தண்ணீர் இருந்தால் பீஸ் லில்லி மங்கல் வெளிச்சத்துக்கு அருமையான கன்று. தாகம் எடுத்தால் முழுதாகச் சாய்ந்துவிடும், ஊற்றினால் சில மணித்தியாலத்தில் நிமிரும். எப்போது ஊற்றுவது என்று அதுவே சொல்லித்தருகிறது. ஆனால் ஈரமான மண்ணில் சாய்ந்து நின்றால் அது தாகமல்ல, வேரழுகல்.

தும்புத்தூளிலும் இதே உப்பு ஒளிந்திருக்கும். சவர்த் தண்ணீரில் ஊறிய தேங்காய் மட்டையிலிருந்து வந்த தூள் என்றால் அப்படியே போட்டால் கன்று இரண்டு வாரத்தில் கருகத் தொடங்கும். வாளியில் ஊறவைத்து, பிழிந்து, மூன்று தண்ணீரில் கழுவுங்கள். முதல் தண்ணீர் தேயிலைச் சாயம் போல வரும், மூன்றாவது தெளிந்தால் போதும்.

கற்பூரவள்ளி, புதினா

கற்பூரவள்ளிக்கு நல்ல வெளிச்சம் கட்டாயம். 10 சென்ரிமீற்றர் கொப்பு ஒன்றை மண்ணில் குத்தினால் போதும், காசு கொடுத்து வாங்கவே தேவையில்லை. வாரம் ஒருமுறை தண்ணீர். இருட்டில் தண்டு நீண்டு விழும். புதினா சந்தைக் கட்டிலிருந்தே வேர் விடும், ஆனால் நாலு மணித்தியால வெயில் கேட்கும், கச்சானில் வாடும். யன்னலுக்கு வெளிக்கட்டு இருந்தால் மட்டும் முயலுங்கள்.

வாங்க வேண்டாம் என்று நாங்கள் சொல்பவை

கறிவேப்பிலைக் கன்றைக் குசினிக்குள் வைக்கச் சொல்லி விற்றால் மறுத்துவிடுங்கள். அது வெயில் மரம். உள்ளே சில மாதம் நின்று, இலையைக் கொட்டிவிட்டுக் குச்சியாகும். முற்றத்தில் நடுங்கள். மேலே நிறக்கல் ஒட்டின சிறு கள்ளிச் சாடிகளும் வேண்டாம், கல்லுக்குக் கீழே மண் ஈரமா காய்ந்ததா என்று பார்க்க வழியே இல்லை. டிபென்பாக்கியா அகன்ற இலையோடு அழகாக நிற்கும், அதன் ஒக்சலேற் எரிச்சல் மிகக் கடுமையானது, சாப்பாடு செய்கிற இடத்துக்குப் பொருந்தாது.

தண்ணீரில் வைத்து வளர்க்கிற லக்கி பாம்பூவை வேண்டாம் என்பதற்குக் காரணம் நுளம்பு. மணி பிளாண்ட் போத்தலும் இதில் சேரும். டெங்கு நுளம்பு தேங்கின தெளிந்த தண்ணீரில், பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையிடுகிறது. முட்டை நுளம்பாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் முட்டை போகாது, காய்ந்த சுவரிலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும். மாரியும் மாரி முடிகிற காலமும்தான் எங்கள் பக்கம் டெங்கு கூடுகிற காலம். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின்படி நுளம்பு பெருக இடம் வைத்திருப்பது குற்றம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சாடித் தட்டையும் பார்ப்பார். தண்ணீரில்தான் வளர்ப்பேன் என்றால் வாரம் ஒருமுறை போத்தலின் உட்பக்கத்தைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, வாயை நுளம்பு வலைத் துண்டால் கட்டுங்கள். சாடிக்கு அடியில் வைக்கிற தட்டுக்கும் அதே தேய்ப்பு. இல்லாவிட்டால் தட்டில் மணலை விளிம்புவரை நிரப்பிவிடுங்கள்.

"புகையை உறிஞ்சும்" என்ற கதை

காற்றைச் சுத்தப்படுத்தும் கன்று என்று சொல்லி மருளுக்கும் பீஸ் லில்லிக்கும் விலை ஏற்றுகிறவர்கள் உண்டு. அந்தக் கதை தொடங்கியது 1989இல் வெளிவந்த நாசா ஆய்வில். அது மூடிய சிறு பெட்டிக்குள் செய்த சோதனை. 2019இல் அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய சோதனைகளை மீளக் கணக்கிட்டபோது, சாதாரண அறையில் காற்றோட்டம் செய்கிற வேலையைக் கன்று செய்ய ஒரு சதுர மீற்றருக்குப் பத்து முதல் ஆயிரம் கன்றுவரை தேவைப்படும் என்று வந்தது. மீன் பொரிக்கிற புகைக்கு யன்னலைத் திறவுங்கள், விசிறி பூட்டுங்கள். அந்தப் பெயருக்காக ஒரு ரூபாய்கூடக் கூடக் கொடுக்க வேண்டாம்.

உண்மையில் குசினிப் புகைதான் கன்றைப் பாதிக்கிறது. எண்ணெய்ப் படலம் இலையில் படிந்து, அதில் தூசி ஒட்டி, வெளிச்சத்தை மறைக்கும். விரலால் இலையைத் தடவிப் பாருங்கள், பிசுக்கு இருந்தால் துடைக்கும் காலம் வந்துவிட்டது. ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற திரவம் இரண்டு துளி விட்டு, மெல்லிய துணியை நனைத்து, இலையின் கீழே ஒரு கையைக் கொடுத்து மேலும் கீழும் துடையுங்கள். பிறகு வெறும் தண்ணீரால் ஒருமுறை. தினமும் பொரிக்கிற வீட்டில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தேவைப்படும். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் பூசுவது இன்னும் தூசியைத்தான் இழுக்கும்.

மீன் கழுவின தண்ணீர் முற்றத்து வாழைக்குப் போகட்டும், சாடிக்கு வேண்டாம். நாற்றமும் இலையானும் எறும்பும் அதன் பின்னே வரும், கடல் மீன் என்றால் உப்பும் சேரும். அரிசி கழுவின தண்ணீரைப் புளிக்காமல் மாதம் ஒரு தடவை ஊற்றினால் பாதகமில்லை. தேயிலைச் சக்கையை மேலே கொட்டினால் மண் எந்நேரமும் ஈரமாகிப் பூஞ்சணம் பிடிக்கும், சின்னக் கறுப்புப் பூச்சிகள் பறக்கத் தொடங்கும். அவற்றின் புழு ஈரமான மேல்மண்ணில்தான் வாழ்கிறது. மேல் 3 சென்ரிமீற்றரைச் சுரண்டி எறிந்து, அந்த இடத்தில் கழுவின ஆற்று மணலை ஒரு விரல்கனத்துக்குப் போட்டு, இரண்டு வாரம் அடித்தட்டின் வழியாக மட்டும் தண்ணீர் கொடுங்கள். அரை மணித்தியாலத்தில் தட்டில் மிஞ்சினதை ஊற்றிவிடுங்கள்.